பழுது பார்த்த அடுப்பும் பழைய கேள்வியும்

மீஞ்சூரில் நம் தங்கை வீட்டில் ஓர் அடுப்பு உண்டு. 1986-ஆம் ஆண்டு நம் வாப்பா துபாயை விட்டு ஊர் திரும்பியபோது கப்பலில் அனுப்பிவைத்த பொருள்களுள் அது ஒன்று. மேலே நான்கு பர்னர்கள். கீழே கதவைத் திறந்தால், மேற்புறத்திலிருந்து தீ இறங்கி வாட்டும் கிரில் அறை. அரபு நாடு சென்று மீண்டவர் இல்லங்களில் இத்தகைய அடுப்பு எவ்வளவு பெருமைக்குரியதாய் இருந்தது என்பதை நேயர்கள் அறிவர். பல வீடுகளில் அந்தக் கிரில் அறை, தோசைக்கல்லும் பழைய தட்டுகளும் அடைத்து வைக்கும் பெட்டியாகவே காலம் கழித்தது என்பதையும் அறிவர். நம் உம்மா அதனை அப்படி விட்டுவிடவில்லை. பழவேற்காட்டு மடவை மீன் வந்த நாளெல்லாம் அந்த அறையில் தீ எரிந்தது.

உம்மாவின் மறைவுக்குப் பின் அடுப்பு தங்கையிடம் வந்தது. உப்புக் காற்றில் அடித்தகடு அரித்துப்போயிற்று, ஜெட்டுகள் அடைபட்டன, குமிழ்கள் உடைந்தன. தங்கையின் மகன் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வெல்டராகப் பணிபுரிகிறான். விடுமுறை நாள்களில் அவன் அடுப்பைச் செப்பனிட முனைந்தான். அரித்த தகட்டை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைத்தான். பர்னர் மூடிகள், ஜெட்டுகள், குமிழ்கள், ரப்பர் வாஷர்கள், வாயுக் குழாய் என ஒவ்வொன்றாய் மாறின. கழற்றிய பழைய உறுப்புகளையெல்லாம் தங்கை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். ஒருநாள் நம்மிடம் கேட்டாள்: “காக்கா, இத்தனையும் மாத்தின பிறகு இது உம்மாவோட அடுப்புதானா?”

இக்கேள்வி புதியதன்று. ஏதென்சு நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை நெடுங்காலம் பேணி, உளுத்த பலகைக்குப் பதில் புதுப் பலகை பொருத்தி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என அறிஞர்கள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சைக் கூட்டினார். கழித்த பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் செய்துவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பிஸ்கட் டின்னைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஹாப்ஸின் நினைவு வருகிறது.

நூலில் மட்டுமே இருப்பதாக நாம் எண்ணும் இக்கேள்விக்குக் காட்டுப்பள்ளியில் நாள்தோறும் விடை காண வேண்டியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் ‘சார்லஸ் ட்ரூ’ என்னும் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காக அங்கு வந்தது. அந்நாட்டுக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. குருதியைச் சேமித்துவைக்கும் முறையை வளர்த்த ஒரு மருத்துவரின் பெயர் அக்கப்பலுக்கு. (நம் உடலின் சிவப்பணுக்களே ஏறத்தாழ 120 நாள்களில் மாறிவிடுகின்றன. அதற்காகக் கடன் கொடுத்தவர் எவரும் கணக்கைத் தள்ளுபடி செய்ததாக நாம் கேட்டதில்லை!)

கப்பலின் எஃகுத் தகடுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று ஒலியலைக் கருவியால் அளப்பார்கள் என்றான் மருமகன். வரம்புக்கு மேல் தேய்ந்திருந்தால் வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைப்பார்கள். அப்படியாயின் கப்பல் எதனால் அதே கப்பல்? வணிகக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஏழு இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. 1996 முதல் இது கட்டாயம். பெயர் மாறலாம், கொடி மாறலாம், உடைமையாளர் மாறலாம். உடைக்கப்படும் நாள்வரை அந்த எண் மாறாது. ஆனால் எண் இருக்கிறதே என்று எவரும் கடலில் இறங்க விடுவதில்லை. ஐந்தாண்டுக்குள் இருமுறை கப்பலின் அடிப்பகுதியைச் சோதித்தாக வேண்டும். தகுதிச் சான்றைப் புதுப்பித்தாக வேண்டும். ‘இது எது’ என்பதற்கு எண் விடை சொல்லும். ‘இதனை நம்பலாமா’ என்பதற்கு அது விடை சொல்லாது. இவ்விரு கேள்விகளையும் ஒன்றாய்க் குழப்பிக்கொள்வதே நம் இல்லங்களில் நேரும் பிழை. உம்மாவின் அடுப்பு என்ற பாசம் முதற்கேள்வியைச் சேர்ந்தது. அதனைக்கொண்டு இரண்டாம் கேள்வியை மூடிவிட முடியாது.

மூடிவிட நாமே முற்பட்டதையும் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்தும் கிரில் மட்டும் எரியவில்லை. குமிழை அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். கடைத்தெருவில் அடுப்புப் பழுது பார்ப்பவரை அழைத்தோம். தீயின் ஓரத்தில் நிற்கும் சுண்டுவிரல் அளவான செம்புக் குச்சியைத் தட்டிப் பார்த்தார். “இது செத்துப்போச்சு பாய். பழைய மாடல், இங்கே கிடைக்காது. கழற்றிட்டு நேரா விட்டுடறேன், ஜம்முனு எரியும்” என்றார். கூலியும் சொற்பம். நாம் தலையசைத்துவிட்டோம். மருமகன்தான் தடுத்தான். “வேண்டாம் மாமா. அது என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல பாருங்க.”

அந்தக் குச்சிக்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். இரு வேறு உலோகங்கள் இணைந்த அதன் முனை தீயில் சூடேறும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டம் வால்வினுள் இருக்கும் காந்தத்துக்கு உயிரூட்ட, காந்தம் வாயுவின் வழியைத் திறந்து பிடித்திருக்கிறது. தீ அணைந்தால் முனை குளிர்கிறது. காந்தம் பிடியை விடுகிறது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் வழியை அடைத்துவிடுகிறது. எரியும்போது அக்குச்சியால் யாருக்கும் பயன் இல்லை. தீ அணைந்தும் குமிழ் திறந்திருக்கும் அந்த ஒரு வேளைக்காகவே அது முப்பது ஆண்டுக்கு மேலாகத் தீயில் நின்றது.

பழுது பார்ப்பவரை நாம் குறை கூறவில்லை. “நம்ம ஊர் அடுப்புல இது எங்கே இருக்கு? எல்லாரும் சமைக்கலையா?” என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம் நாட்டுச் சாதாரண மேடை அடுப்புகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாதுதான். ஆனால் மேடை அடுப்பின் தீ நம் கண்முன் எரிகிறது. கிரிலின் தீயோ அறைக்குள் எரிகிறது. அணைந்தால் உடனே தெரியாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து தேங்கும். அதைவிட முக்கியமானது ஒன்று: நம் வீட்டுப் பெண்களின் கைப்பழக்கமே அக்காவலை நம்பி அமைந்தது. காவலை எடுத்துவிட்டு, குமிழையும் கதவையும் பழைய தோற்றத்தையும் அப்படியே வைத்திருப்பது, காவற்காரன் போன வீட்டு வாயிலில் அவன் சட்டையை மாட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

தங்கையின் கேள்விக்கு நாம் தேடிய விடை இங்கேதான் அகப்பட்டது. தகடு, பர்னர், ஜெட் எல்லாம் மாறியும் அது செய்ய வேண்டிய கடமை மாறாதிருந்தால், அது உம்மாவின் அடுப்பே. அனைத்தும் துபாயிலிருந்து வந்தபடியே இருந்து, அந்தக் குச்சி ஒன்று மட்டும் கழன்றிருந்தால், அது வேறோர் அடுப்பு. உம்மா நம்பிக் கைவைத்த பொருள் அதுவன்று.

இதனை வணிகத்தோடு பொருத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். குச்சி நீக்கிய அடுப்பை நாளை ஒருவருக்கு விற்கிறோம் எனக் கொள்வோம். ‘நன்றாக எரிகிறது’ என்போம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ‘கியாருல் அய்பு’ என்ற பெயரில் நம் ஃபிக்ஹு நூல்கள் வாங்கியவருக்கு வழங்கியிருக்கின்றன. விற்பவர் சொன்னது பொய்யா என்பதோடு அச்சட்டம் நின்றுவிடவில்லை. சொல்லாமல் விட்டது என்ன என்றும் கேட்கிறது. அயலாருக்கு விற்கும்போது குறையென்று கருதப்படுவது, தங்கையின் சமையலறையில் மட்டும் சிக்கனம் ஆகிவிடுமா? நாம் தலையசைத்த கணத்தை எண்ணினால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இந்த வரம்பு மற்ற உறுப்புகளுக்கும் பொருந்தும். கிண்டிய ஊசியால் ஜெட்டின் துளை அகன்றுவிட்டால் தீ பெரிதாகும். ஆனால் போதிய காற்றுக் கலவாமல் மஞ்சளாய் எரிந்து, பாத்திரத்தில் கரியும் அறையில் நச்சு வாயுவும் சேரும். எஃகு இழை கோத்த செம்மஞ்சள் நிறக் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அதில் பாசத்துக்கு இடமில்லை. காட்டுப்பள்ளிக்குத் தெற்கே எண்ணூர்த் துறைமுகத்தில் 2019-இல் இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. குழாய்வழி வாயு வீட்டுக்கு வந்தால் இதே அடுப்புக்கு ஜெட்டுகளை மீண்டும் மாற்ற வேண்டும். அவ்வாயுவுக்குப் பெரிய துளை தேவை. அப்போதும் தங்கை அதே கேள்வியைக் கேட்பாள் போலும்.

தெர்மோகப்பிளுக்காக மருமகன் பழையதின் மரையை அளந்துகொண்டு சென்னைக்குச் சென்றான். உணவகச் சமையற்கருவிகள் விற்கும் கடை ஒன்றில் கிடைத்தது. நீளம் சற்று அதிகம். பின்புறம் சுருட்டிக் கட்டினான். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தான். பிறகு கிரிலை ஏற்றி, சற்று நேரம் எரியவிட்டு, ஊதி அணைத்துவிட்டுக் காதைத் தீட்டி நின்றான். நாம் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். முப்பத்தெட்டு எண்ணியபோது உள்ளே ‘டக்’ என்றது.

அன்று மாலை மடவை வாட்டினார்கள். செத்த குச்சியைத் தங்கை கழுவித் துடைத்துப் பிஸ்கட் டின்னில் போட்டாள். “அந்த டின்னைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமே உம்மா” என்றான் மகன். அவள் மறுமொழி சொல்லாமல் டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தாள்.