கூலிக் கப்பலில் வந்த கடவுள்

1903 ஜனவரி 13 அன்று கேலிக் என்ற நீராவிக் கப்பல் 102 கொரியர்களை ஹொனலூலு துறைமுகத்தில் இறக்கிவிட்டது. ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்த முதல் கொரியக் கூட்டம் அது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இஞ்சியோன் நகரத்து நேரி மெத்தடிஸ்ட் சபையோடு தொடர்புடையவர்கள். தயங்கி நின்றவர்களிடம் ஹவாயின் நல்ல தட்பவெப்பத்தைப் பற்றியும் அங்கே கிடைக்கும் பிழைப்பைப் பற்றியும் எடுத்துச் சொல்லிக் கிளப்பிவிட்டவர் அந்தச் சபையின் அமெரிக்க மிஷனரி ஜார்ஜ் ஹீபர் ஜோன்ஸ். கொரியப் பேரரசர் கோஜோங்கிடம் அனுமதி பெற்றுத் தந்தவர் அமெரிக்கத் தூதர் ஹொரேஸ் ஆலன். அவர் 1884-ல் கொரியாவுக்கு மருத்துவ மிஷனரியாக வந்தவர். ஆள் சேர்க்கும் கம்பெனியையும் பயணத்துக்கு முன்பணம் தரும் வங்கியையும் நடத்தியவர் டேவிட் டெஷ்லர் என்ற வணிகர். இவர்கள் எல்லோருக்கும் பின்னால் நின்றது ஹவாய்ச் சர்க்கரைத் தோட்டத்துரைமார் சங்கம். தோட்டங்களில் பெரும்பான்மையாக இருந்த ஜப்பானியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு எதிர்த்தட்டில் வைக்க வேறொரு நாட்டுக் கூலிகள் துரைமாருக்குத் தேவைப்பட்டார்கள். 1905-ல் கொரிய அரசு இந்தப் புலப்பெயர்வை நிறுத்தும்வரை 7,000-க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். வறட்சியும் பஞ்சமும் விரட்டியவர்கள், துறைமுகக் கூலிகள், பழைய சிப்பாய்கள், படித்து முன்னேறும் ஆசை கொண்ட இளைஞர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அவர்கள்.

இப்படி வந்தவர்களின் கிறிஸ்தவம் எத்தகையது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. போதகரின் சொல்லும், கூலி பிடிப்பவரின் சொல்லும், தூதரின் சொல்லும் ஒரே திசையில் தள்ளிய ஒரு பயணம் அது. அதில் வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தவர் கடவுளைப் பிடித்திருந்தாரா, கடல்கடக்க ஒரு சீட்டைப் பிடித்திருந்தாரா? சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற வசை ஆசியக் கிறிஸ்தவர்கள் மீது நெடுங்காலமாக வீசப்படுவது. நம் ஊரிலும் அதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த வசைக்குள் ஒரு தத்துவ நிலைப்பாடு ஒளிந்திருக்கிறது: நோக்கத்தில் கலப்பு இருந்தால் நம்பிக்கை போலி, தொடக்கம் தூய்மையாக இருந்தால்தான் அது மெய். இந்த நிலைப்பாடு தவறு என்பது என் வாதம். நம்பிக்கையை அதன் பிறப்பிடத்தில் சோதிப்பதால் நமக்குத் தெரியவருவது குறைவு. அது ஒருவரை எதை மறுக்கத் துணியவைக்கிறது, குறிப்பாகத் தனக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவரையே மறுக்கத் துணியவைக்கிறதா என்பதில்தான் அதன் மெய்மை வெளிப்படுகிறது. ஹவாய்க் கொரியர்களின் வரலாறு இதற்கு நான் அறிந்த சான்றுகளில் மிக வலுவானது.

சமயங்களே தம் அடியாரிடம் இந்தத் தூய்மையைக் கேட்டதில்லை. கீதை நான்கு வகை பக்தரைச் சொல்லும்போது துன்பத்தில் வந்தவனையும் பொருள் வேண்டி வந்தவனையும் ஞானியோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஞானியை உயர்த்திச் சொன்னாலும் மற்றவர்களும் நல்லவர்களே என்கிறது. யோவான் நற்செய்தியில், அப்பம் தின்றதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று கூட்டத்தைக் கடிந்துகொள்ளும் இயேசுதான் முந்தைய நாள் அவர்களுக்கு அப்பம் கொடுத்தவர். பசியோடு வருபவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் இரு மரபுகளிலும் கோவில்கள் காலியாகத்தான் கிடந்திருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கன்பூசிய நெறியில் ஊறிய கொரியச் சமூகத்தில் மகனின் முதற்கடமை மூதாதையரின் கல்லறைக்கு அருகிலேயே இருந்து அவர்களுக்குரிய ஜேசா என்ற திதியை ஆண்டுதோறும் செய்வது. அந்தக் கடமைக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடந்த மோதல் இரத்தம் சிந்திய ஒன்று. 1791-ல் யுன் ஜி-சுங் என்ற கத்தோலிக்கர் மூதாதையரின் பெயர்ப்பலகைகளை எரித்துவிட்டுத் தாயின் இறுதிச்சடங்கைப் பழைய முறையில் செய்ய மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார். நூறாண்டுக்குப் பின் வந்த புராட்டஸ்டண்ட் மிஷனரிகளும் ஜேசாவை விலக்கினார்கள். ஆக, கல்லறையை விட்டுப் போகலாம் என்ற துணிவைத் தந்த மதமும், போகக்கூடிய ஆட்களைத் தேடிய முதலாளியும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தார்கள். மிஷனரி வேரை அறுத்துக் கொடுத்தார், துரை மரத்தை எடுத்துப் போனார் என்று ஒருவர் சொல்லலாம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் வேர் அறுந்தவர்கள் அறுந்த நிலையிலேயே நின்றுவிடவில்லை. கொரியக் கிறிஸ்தவர்கள் இறந்தோர் நினைவுநாளில் குடும்பமாகக் கூடி ஜெபித்துப் பாடும் ஒரு நினைவு ஆராதனையை உருவாக்கிக்கொண்டார்கள். மிஷனரி நூல்களில் அதற்கு முன்மாதிரி இல்லை. மதத்தையும் மறுக்காத, மூதாதையரையும் மறக்காத ஒரு வழியை அடியவர்களே கண்டார்கள். கொடுத்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும் கூட்டம் இதைச் செய்யாது. தந்தையின் கல்லறையைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்தவருக்கு அந்த நாளின் கனம் எவ்வளவு இருந்திருக்கும்!

தோட்டத்துக்குள் நிலைமை இன்னும் சிக்கலானது. நாளுக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் வேலை, கூலி ஏறத்தாழ 16 டாலர், மேலே குதிரையில் கங்காணி. 1903 ஜூலையில் ஒவாஹூ தீவின் மொகுலேயாத் தோட்டத்தில் கொரியர்கள் தங்கள் முதல் ஆராதனையை நடத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹொனலூலுவில் ஒரு சபை தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் தோட்டத்துக்குத் தோட்டம் சிறு ஜெபக்கூடங்கள் எழுந்தன. துரைமார் இதை எதிர்க்கவில்லை, உதவினார்கள். இடம் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிறவன் திங்கட்கிழமை குடித்துவிட்டுக் கிடக்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. ஜப்பானியத் தொழிலாளரின் புத்த விகாரங்களுக்கும் அவர்கள் இதே கணக்கில் உதவியதைப் பார்த்தால், எந்தக் கடவுள் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்பது புரியும். மதம் உழைப்பாளியை மயக்கி வைக்கும் அபின் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்றை ஒருவர் தேடவேண்டியதில்லை. எனினும் கொடுப்பவரின் கணக்கும் வாங்குபவரின் பயனும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தோட்டத்தின் ஜெபக்கூடத்தில் மக்கள் எழுத்தறிந்தார்கள், கணக்கு எழுதினார்கள், தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், கூட்டம் நடத்தக் கற்றார்கள். சாதிமான் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாளின் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்த முதல் இடம் பலருக்கு அதுதான். சொந்த நாடு 1905-ல் ஜப்பானின் பாதுகாப்பு நாடாகவும் 1910-ல் அதன் உடைமையாகவும் ஆனபோது, வேறெங்கும் கூட முடியாத ஒரு மக்களுக்குக் கூடுமிடமாக அந்தப் பலகைகள் இருந்தன.

கணக்குத் தப்பியதற்குச் சான்று 1912 வாக்கில் வெளிப்பட்டது. ஹவாய் மெத்தடிஸ்ட் மிஷனின் கண்காணிப்பாளர் ஜான் வாட்மன், கொரியர்களுக்கான பணிக்கென்று ஜப்பானியத் துணைத்தூதரிடம் பணம் பெற்றார் என்ற செய்தி பரவியது. தங்கள் நாட்டைப் பறித்தவர் கையிலிருந்து தங்கள் பிள்ளைகளின் படிப்புக்குப் பணமா என்று கொரியர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபையின் தலைவர் அவர். அவர்களது பள்ளி அவர் பொறுப்பில் இருந்தது. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் சோறு வரும் கையைக் கடிக்கமாட்டார்கள். 1913-ல் ஹவாய்க்கு வந்து பள்ளிப் பொறுப்பை ஏற்ற சிங்மன் ரீயும் மிஷனோடு மோதி விலகினார். 1918-ல் அவர் தலைமையில் எந்த அமெரிக்க மிஷனுக்கும் கட்டுப்படாத கொரியக் கிறிஸ்தவத் திருச்சபை உருவானது. தங்கள் போதகரைத் தாங்களே நியமித்து, தங்கள் காசைத் தாங்களே செலவழித்து, கடவுளை மட்டும் விட்டுவிடாமல் மிஷனரியை விட்டு வெளியேறினார்கள். அப்படி வெளியேறாமல் மெத்தடிஸ்ட் சபையிலேயே தொடர்ந்தவர்களும் கணிசம். அவர்களின் நம்பிக்கை குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1903-ன் கப்பலில் வந்தது இரவல் கடவுளாகவே இருந்திருந்தால் 1918 நடந்திருக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது, நேர்மையான மறுப்பு. கடவுளை விடவில்லை, சரி. ஆனால் அவர்கள் வணங்கியது கடவுளையா, கொரியாவையா? ஹொனலூலுவின் லிலிஹா தெருவில் 1938-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் திருச்சபையின் முகப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி வலுப்படுகிறது. அது சியோலின் அரண்மனை வாயிலான குவாங்வாமுனின் வடிவில் எழுப்பப்பட்டது. சியோலில் அந்த வாயிலை ஜப்பானிய ஆட்சி 1920-களில் தன் தலைமை அலுவலகத்துக்கு வழிவிடும்படி இடம்பெயர்த்து ஒதுக்கிவிட்டிருந்தது. தேவாலயத்துக்கு அரண்மனை வாசலை வைத்தவர்கள் தேசத்தையே தெய்வமாக்கிக்கொண்டார்கள் என்று சொல்வது எளிது. அதே 1938-ல் கொரியாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் கொரிய பிரெஸ்பிட்டேரியன் பொதுச்சபை, காவல்துறையின் நெருக்குதலில், ஷின்டோ கோவில்களில் வணங்குவது வெறும் குடிமைச் சடங்கே, விக்கிரக வழிபாடு அல்ல என்று தீர்மானம் போட்டது. மறுத்த போதகர்கள் சிறைக்குப் போனார்கள். சிலர் சிறையிலேயே மடிந்தார்கள். வடிவத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்: இரண்டிலும் அரசின் அடையாளம் ஆராதனைக்குள் நுழைகிறது. வேறுபாடு மறுக்கும் உரிமையில் இருக்கிறது. கொரியாவில் தலைவணங்க மறுத்தவரைச் சிறை விழுங்கியது. ஹொனலூலுவில் அந்த வாயிலுக்குள் நுழைய மனமில்லாத கொரியர் அதே நகரத்தில் இருந்த மெத்தடிஸ்ட் சபைக்குப் போய் அதே கடவுளை வணங்கலாம், வணங்கினார்கள். ஒரு அடையாளம் விக்கிரகமாவது அதை மறுப்பவரைத் தண்டிக்கத் தொடங்கும்போது. இழந்த நாட்டுக்காக அழுவது அந்த எல்லையைத் தாண்டிவிடுவதில்லை. பாபிலோனில் சீயோனை நினைத்து அழுதவர்களின் வேதத்தைப் படித்தவர்கள் அவர்கள். அந்த அழுகையையும் சேர்த்துத்தான் அது அவர்களுக்கு வேதமாக இருந்தது.

ஆனால் சிலர் அந்த எல்லையைத் தாண்டினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. ரீயின் ஆதரவாளர்களும், 1914-ல் அஹுயிமானுத் தோட்டத்தில் கொரிய இளைஞர்களுக்கு ராணுவப் பயிற்சி அளித்த பாக் யோங்-மானின் ஆதரவாளர்களும் ஹவாய்க் கொரியர் சங்கத்தின் நிதிக்காக ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். சபைகள் கட்சிகளாயின. ஒரே தோட்டத்து அண்டைவீட்டார் முகம் பார்த்துப் பேசாமல் ஆண்டுகளைக் கழித்தார்கள். பாக் யோங்-மான் 1928-ல் சீனாவில் இன்னொரு கொரியரின் கையால் கொல்லப்பட்டார். ரீ பின்னாளில் தென்கொரியாவின் முதல் அதிபராகி, 1960-ல் மாணவர் எழுச்சி விரட்டியதும் ஹொனலூலுவுக்கே திரும்பி, 1965-ல் அங்கேயே இறந்தார். மறுக்கக் கற்றுக்கொடுத்த சபையின் நிறுவனர், தன்னை மறுத்தவர்களைச் சிறையில் அடைத்த ஆட்சியாளரானார். இதனால் என் வாதம் உடைந்துவிடுகிறதா? நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் அதைக் கூர்மைப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவரை மறுக்கும் துணிவு நம்பிக்கையின் மெய்மைக்கு ஒரு சான்று. தான் மேலே போனபின் தன்னை மறுப்பவரைப் பொறுத்துக்கொள்வது அதைவிடக் கடினமான சான்று. முதல் சோதனையில் தேறிய சபை இரண்டாவதில் தடுமாறியது. சபைக்குள் உழைத்துக் கொடுத்த சாதாரண மக்களை அந்தத் தலைவர்களோடு சேர்த்துக் கணக்கிடுவது நியாயமாகாது. 1910-க்கும் 1924-க்கும் இடையில் புகைப்படத்தை மட்டும் பார்த்துத் திருமணம் நிச்சயித்து வந்த நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் துணி துவைத்தும், சமைத்துப் போட்டும், தைத்தும் சேர்த்த காசில்தான் பள்ளிகளும் சபைகளும் நடந்தன, ஷாங்ஹாயில் இருந்த கொரிய நாடுகடந்த அரசுக்கும் பணம் போனது. அந்தப் பணம் கைக்கு வந்ததை அந்த அரசின் தலைவர்களில் ஒருவரான கிம் கூ தன் சுயசரிதையில் நன்றியோடு பதிவுசெய்திருக்கிறார். 1932-ல் ஷாங்ஹாய்ப் பூங்காவில் ஜப்பானிய அதிகாரிகள் மீது வீசப்பட்ட குண்டுக்குத் திட்டமிட்டவரும் அதே கிம் கூ. காணிக்கைத் தட்டில் காசு போட்ட கை அதற்கும் ஒரு பங்கு பொறுப்பேற்கிறது. ஒடுக்கப்பட்டவரின் வன்முறையை ஒடுக்குபவரின் வன்முறையோடு நான் சமப்படுத்தவில்லை. ஆயினும் அன்பைப் போதிக்கும் மதத்தவர் அதைப் பேசாமல் கடந்துபோக முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழிக்கும் கேள்வி வேறொன்று. இழந்த நாட்டுக்காக அவர்கள் ஜெபித்த மண்ணும் இழக்கப்பட்ட நாடுதான். 1893 ஜனவரி 17 அன்று ஹவாயின் அரசி லிலியுவோகலானியை ஆட்சியிலிருந்து இறக்கியவர்களில் சர்க்கரை முதலாளிகளும் பழைய மிஷனரிக் குடும்பங்களின் வாரிசுகளும் இருந்தார்கள். 1898-ல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்தப் பறிப்பு நடந்திராவிட்டால் கொரியர்களை வரவழைத்த தோட்டத்துரைமாருக்கு அவ்வளவு பலம் இருந்திருக்காது. அரசி 1917 நவம்பர் வரை ஹொனலூலுவில்தான் வாழ்ந்தார். சில கொரியர்கள் சேர்ந்த அதே ஆங்கிலிக்கன் திருச்சபையில் அவரும் 1896-ல் இணைந்திருந்தார். 1895-ல் சொந்த அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டபோது அவர் ஒரு கிறிஸ்தவ ஜெபப்பாடலை இயற்றினார். தனக்குத் தீங்கு செய்தவர்களுக்கு மன்னிப்பை வேண்டும் அந்தப் பாடல் ஹவாயின் தேவாலயங்களில் இன்றும் பாடப்படுகிறது. ஒரே நகரத்தில், ஒரே வேதத்தைப் படித்து, நாட்டை இழந்த இரண்டு மக்கள். பசியோடும் மொழி தெரியாமலும் வந்த கூலிக்காரர் மீது அந்தப் பறிப்பின் பழியைச் சுமத்துவது கொடுமை. அவர்கள் யாரையும் பதவி இறக்கவில்லை. ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகளும், 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு பெருமளவில் வந்த புதிய கொரியர்களும் இன்று அந்தச் சபைகளை நடத்துகிறார்கள். இவர்களுக்குத் தோட்டத்துரை இல்லை, முன்பணக் கடன் இல்லை, கூலிக்காரருக்கு இருந்த சாக்கும் இல்லை. 1993 ஜனவரியில் அந்த மிஷனரிக் குடும்பங்களின் பழைய மிஷன் அமைப்பின் வழிவந்த ஐக்கிய கிறிஸ்து சபை, அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டதில் தன் முன்னோர் வகித்த பங்குக்காக ஹவாய்ப் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் காங்கிரசும் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. தன் கொடையாளரை மறுக்கத் துணிந்த ஒரு திருச்சபைக்கு, அந்தக் கொடை யாருடைய நிலத்தில் நின்று கொடுக்கப்பட்டது என்று கேட்கும் தகுதியும் கடமையும் மற்ற எவரையும்விடக் கூடுதலாக உண்டு. ஜப்பான் கொரியாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தும் அதே குரலில், ஹவாய்ப் பூர்வகுடிகளின் நிலக் கோரிக்கைகளுக்குப் பக்கத்தில் கொரியச் சபைகள் நிற்கவேண்டும்.