கடல் கடக்கும் பிள்ளைக்கு எதைக் கட்டிக் கொடுப்போம்?



பதுளையிலிருந்து கடல் வெகு தொலைவு. நமுனுகுலை மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் நம் மக்களுள் கடலைக் கண்ணாரக் காணாதவர்கள் பலர். அப்படியிருக்க, பாய்க்கப்பலில் நெடுந்தூரம் போகிறவர்கள் எவ்வாறு ஆயத்தம் செய்கிறார்கள் என்பது பற்றி இவ்வாரம் எழுதப் புகுந்தது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வீடுகளைச் சந்திக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் பயணப் பெட்டி திறந்தபடி கிடந்தது. மூத்த மகள் வீட்டுப் பணிக்காக வளைகுடா நாடொன்றுக்குப் புறப்பட இன்னும் மூன்று நாட்களே இருந்தன. தாயார் மிளகாய்த்தூளை இரட்டைப் பையில் இட்டு இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். கருவாடு, சித்தாலேப, காய்ச்சல் மாத்திரை, இரண்டு புதுச் சட்டை, செபமாலை எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. "எல்லாம் வச்சாச்சு சாமி. வேற என்னா வைக்கணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். பெட்டி நிறைந்திருந்தது. "போதும் அம்மா" என்றேன். அப்போது திண்ணையில் அமர்ந்திருந்த தகப்பனார் மகளைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துரு புள்ள. பாதியில மட்டும் வந்துறாத. ஊரு சிரிக்கும்." நான் ஆசீர் அளித்துவிட்டுத் திரும்பினேன். ஆனால் தாய் கேட்ட கேள்வியும் தந்தை சொன்ன சொல்லும் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

நெடும்பயணம் போகிறவருக்கு உண்மையில் எது தேவை? இக்கேள்வியை நம்மைவிட அதிகமாக ஆராய்ந்தவர்கள் கடலோடிகள். கரையில் எதையாவது மறந்தவன் கடைக்கு ஓடலாம். நடுக்கடலில் கடை கிடையாது. ஆகவே அவர்களிடமே கேட்போம்.

தூர தேசத்துக் கடலோடிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் நாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்ட் 1-ஆம் நாள் அமெரிக்காவின் கிளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கியிருந்தார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலைக் கடந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி அக்கப்பலைக் கொண்டு சேர்த்தார்கள். சரக்கு ஏற்றுவதற்கென்று நம்மவர் கையால் கட்டிய மரக்கப்பல் அது. எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நிமிர்கிறது.

இத்தகைய பயணத்துக்கு ஆயத்தம் செய்பவர்கள் முதலில் கணக்கிடுவது தண்ணீரை. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மூன்று லீற்றர் என்று வைத்து, எதிர்பார்க்கும் நாட்களால் பெருக்கி, தாமதத்துக்கென்று மேலும் சேர்ப்பார்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்க மாட்டார்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்க வேண்டும் அல்லவா? அடுத்து உணவு. ரின்களில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டு உள்ளே இருப்பது இன்னதென்று மையால் ரின்னிலேயே எழுதுவது பழைய வழக்கம். ஈரத்தில் தாள் உரிந்தால் எது பருப்பு, எது பழம் என்று தெரியாது. உரிந்த தாள் தண்ணீர் இறைக்கும் பம்பையும் அடைத்துவிடும். பிறகு ஊசி, நூல், பாய்த் துணி, கயிறு, ஆணி. உடைவது நிச்சயம், உடைந்ததைத் தானே செப்பம் செய்யத் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் சட்டம்.

இக்காலத்தில் வசதிகள் பெருகிவிட்டன. ஆனால் ஒரு வசதி இன்னொன்றைக் கேட்கும். குளிர்ப்பெட்டி வைத்தால் பற்றரி வேண்டும். பற்றரிக்கு மின்சாரம் ஏற்ற இயந்திரமோ சூரியத் தகடோ வேண்டும். இயந்திரத்துக்கு டீசல் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும். சுமை ஏற ஏறப் படகு தாழ்ந்து, அலையின்மேல் எழ மாட்டாமல் அலைக்குள் புகுகிறது. ஆகவே அனுபவசாலிகள் எதை ஏற்றலாம் என்று யோசிப்பதைவிட எதை இறக்கலாம் என்றே அதிகம் யோசிக்கிறார்கள்.

"குறைவாகக் கொண்டு செல், அதுவே ஞானம்" என்று முடித்துவிட்டால் இக்கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் அதை மலையகத்தில் நின்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வந்தபோது அவர்களிடம் இறக்கி வைக்க என்ன சுமை இருந்தது? இருப்பவன் தானாகக் குறைத்துக்கொள்வது ஒரு புண்ணியம். இல்லாதவனிடம் போய்க் "குறைத்துக்கொள்" என்று சொல்வது போதனையாகாது, அது ஏளனம்.

எண்ணிப் பாருங்கள். அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள் என்கிறோம். உண்மையில் ஒரு பெருஞ்சுமையைச் சுமந்துதான் வந்தார்கள். அது கங்காணியிடம் பெற்ற முற்பணம். அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்ற தாளைக் கொண்டு, ஒரு தோட்டம் பணம் கட்டினால் தொழிலாளி அங்கே மாறலாம். கடன் மட்டும் அவனோடு கூடவே வரும். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. உணவோ உடையோ இல்லாமற்போனது பெருங்குறைதான். அதைவிடப் பெருங்குறை, "இது எனக்கு ஒத்துவரவில்லை, நான் திரும்பிப் போகிறேன்" என்று சொல்லும் உரிமை அவர்கள் மூட்டையில் இல்லாமற்போனது.

இந்த உரிமை இல்லாதவனுக்குக் கடலில் என்ன நேரும் என்பதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. 1968-இல் இங்கிலாந்திலிருந்து தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் பாய்ப்படகில் உலகைச் சுற்றும் போட்டி ஒன்று நடந்தது. ஒன்பது பேர் புறப்பட்டனர். முடித்தவர் ஒருவரே: றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன். அவருடைய 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய 32 அடிப் படகு. வழியில் தண்ணீர்த் தொட்டிகள் கெட்டன, வானொலி பழுதடைந்தது, சுக்கானைத் தானே திருப்பும் கருவி உடைந்தது. மழைநீரைப் பிடித்துக் குடித்து, உடைந்ததைக் கட்டி, 312 நாட்களில் கரை சேர்ந்தார்.

அதே போட்டியில் டொனால்ட் குரோஹேர்ஸ்ற் என்பவரும் கலந்துகொண்டார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் உள்ளவர். படகு ஆயத்தமாகவில்லை, ஆனாலும் அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான ஒக்டோபர் 31-இல் புறப்பட்டார். தேவையான உதிரிப் பாகங்கள் கரையிலேயே கிடந்தன. திரும்பலாமே என்றால், பயணத்தைக் கைவிட்டால் படகின் விலையைத் தாமே கட்டவேண்டும் என்ற உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டிருந்தார். முன்னே போனால் படகு தாங்காது. பின்னே போனால் குடும்பம் தெருவில் நிற்கும். அந்த மனிதர் அத்திலாந்திக் கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்ச் செய்திகளை அனுப்பினார். வீட்டார் மகிழ்ந்தார்கள், ஊர் புகழ்ந்தது. 1969 ஜூலை 10-ஆம் நாள் அவருடைய படகு ஆளில்லாமல் மிதப்பதைக் கண்டெடுத்தார்கள். வென்ற நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண் பரிசை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

வாசகர்களே, அந்தப் பொய்ச் செய்திகளை நாமும் கேட்டிருக்கிறோம் அல்லவா? "நல்லா இருக்கேம்மா. சாப்பாடெல்லாம் நல்லா குடுக்குறாங்க. நேரந்தான் கிடைக்கல." தொலைபேசியில் இந்தக் குரல் வராத லயம் இங்கே எத்தனை? அவற்றுள் பல உண்மையானவை. அதற்காக இறைவனுக்கு நன்றி. ஆனால் சில, திரும்பும் வழி அடைபட்டவள் அனுப்பும் செய்திகள். முகவர் கொடுத்த முற்பணம் கூரைத் தகரமாகவும் தம்பியின் பள்ளிச் செலவாகவும் ஆகிவிட்டது. பாதியில் வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊரும் சிரிக்கும். ஆகவே அவள் பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யில் அவளுடைய பங்கு சிறியது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாதபடி அவளை அனுப்பிய நம்முடைய பங்கே பெரியது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "வந்துவிடலாம் என்று முன்கூட்டியே சொன்னால் யார்தான் நிலைத்து நிற்பார்கள்? முதல் வாரத்திலேயே அழுதுகொண்டு வந்துவிடுவார்களே!" நியாயமான கேள்வி. பொறுமையும் விடாமுயற்சியும் நற்பண்புகள்தாம். நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் அவற்றாலேயே கரை சேர்ந்தார். ஆயினும் கதவு பூட்டிய அறையில் இருப்பவனை யாரும் பொறுமைசாலி என்று புகழ்வதில்லை. கதவு திறந்திருந்தும், நல்லதொரு நோக்கத்துக்காக உள்ளே இருப்பவனே பொறுமையுள்ளவன். புனித தோமா அக்குவினாஸ் மனத்திடத்தைப் பற்றிப் பேசும்போது கோழைத்தனத்தைப் போலவே கண்மூடித்தனமான துணிச்சலையும் அதற்கு எதிரான குற்றமாகவே வைக்கிறார். எப்போது நிற்பது, எப்போது விலகுவது என்று பகுத்தறிவதும் திடத்தின் பகுதியே.

கடலோடிகள் இதை அறிவார்கள். இந்தியக் கடற்படையின் ரூபா அழகிரிசாமி புதுச்சேரித் தமிழ்ப் பெண். தில்னா கோழிக்கோட்டுப் பெண். இருவரும் 'தாரிணி' என்ற பாய்ப்படகில் 2024 ஒக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினர். இடையே நான்கு துறைமுகங்களில் தங்கிப் பழுது பார்த்தே சென்றார்கள். அபிலாஷ் டோமி என்ற கடற்படை அதிகாரி 2018-இல் தனிப் பயணப் போட்டியின்போது புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, உதவி கேட்டார். பிரெஞ்சுக் கப்பலொன்று அவரைக் காப்பாற்றியது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த போட்டியில் மீண்டும் கலந்து 2023-இல் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். உயிரோடு திரும்பியவனுக்கே மறுமுறை என்பது உண்டு.

திருத்தூதர் பணி நூலில் பவுலடியார் சென்ற கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். புயலில் முதலில் சரக்கை எறிந்தார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களைத் தங்கள் கையாலேயே எறிந்தார்கள். கடைசியில் கோதுமையையும் எறிந்தார்கள். கப்பலும் போயிற்று. 276 பேரும் மால்த்தாத் தீவில் உயிரோடு கரையேறினார்கள். பொருளை மீண்டும் தேடலாம் என்று தெரிந்தவர்கள் உயிரைக் காத்துக்கொண்டார்கள்.

கப்பலைப் பற்றி இன்னும் ஒன்று. முழுவதும் வெறுமையான பாய்க்கப்பலும் நிலைக்காது. அடியிலே பாரம் வேண்டும். முற்காலத்தில் கல்லையும் மணலையும் இட்டார்கள். இப்போது படகின் ஏராவில் ஈயமோ இரும்போ வைக்கிறார்கள். அதே பாரத்தைப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினால் படகு கவிழ்ந்துவிடும். வீட்டு நினைவும் குடும்பப் பொறுப்பும் அப்படித்தான். 'எனக்கென்று ஒரு வீடு இருக்கிறது, எப்போது போனாலும் ஏற்றுக்கொள்வார்கள்' என்று அடிமனத்தில் இருந்தால் அது பிள்ளையை நிமிர்த்தி நிறுத்தும். 'நான் போனால் குடும்பத்தின் மானம் போகும்' என்று தலைமேல் தொங்கினால் அதே குடும்பம் அவளைக் கவிழ்த்துவிடும்.

ஆகவே பெற்றோரே, பெட்டியில் மிளகாய்த்தூளோடு வேறு சிலவற்றையும் வையுங்கள். கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம் இவற்றின் பிரதிகளை வீட்டிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே விசாரியுங்கள். அங்குள்ள நம் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைப் பிள்ளை மனப்பாடம் செய்யட்டும். முற்பணம் முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள். திரும்பி வர ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். வெளிப்படையாகப் பேச முடியாத நேரத்தில் "நான் நலமில்லை" என்பதைத் தெரிவிக்க உங்களுக்குள் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அயலவர்களே, பாதியில் திரும்பி வந்த பிள்ளையிடம் "ஏன் வந்தாய்?" என்று கேட்கும் முன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

அந்த வீட்டுக்கு மறுநாளே மீண்டும் போனேன். "அம்மா, நேற்றுப் பெட்டி நிறைந்துவிட்டது என்று தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று தொடங்கி, மேலே எழுதியவற்றை எளிய சொற்களில் சொன்னேன். தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடன் அவருடைய பெயரில் இருக்கிறது; அவருடைய அச்சம் பொய்யானதன்று. நீண்ட நேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு மகளின் முகத்தைப் பாராமலே சொன்னார்: "ரொம்பக் கஷ்டமா இருந்தா வந்துரு புள்ள. கடன நாம எப்படியாச்சும் பாத்துக்கலாம்."

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். தாயார் எழுந்து பெட்டியைப் பூட்டினார்.