பார்த்தாலே தெரியணும்

கல்லூரி மூன்றாம் ஆண்டில் நாங்கள் எடுத்த பதினைந்து நிமிடக் குறும்படத்துக்கு ஒப்பனை நான்தான். வேறு யாருக்கும் தெரியாது என்பதால் நான். எனக்குமே யூடியூப் பார்த்துத்தான் தெரியும். வில்லன் ஒரு வட்டிக்காரனின் அடியாள். அவன் இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு வேண்டும் என்றான் இயக்குநர் நண்பன். ஏன் என்று கேட்டேன். "பார்த்தாலே தெரியணும் மச்சான், இவன் கெட்டவன்னு. நமக்கு டைம் இல்லல்ல."

அன்றைக்கு அது தப்பாகப் படவில்லை. எனக்கு வேலைதான் முக்கியம். லேட்டக்ஸ் திரவத்தை முதல் நாளே நடிகனின் முழங்கை உட்புறம் ஒரு சொட்டு தடவி, அலர்ஜி வருகிறதா என்று பார்த்துவிட்டேன். புருவத்துக்கு வாசலின், இல்லாவிட்டால் உரிக்கும்போது முடியும் கூடவே வரும். ஒரு பூச்சு, அதன்மேல் கிழித்த டிஷ்யூ பேப்பர், மறுபடி பூச்சு, ஹேர் டிரையர். இப்படி நான்கு அடுக்கு. அம்மோனியா நெடியில் கண் எரியும். பிறகு சிவப்பு, ஊதா, கொஞ்சம் பழுப்பு. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி பார்த்தவன் "டேய்!" என்றான். அந்த ஒரு "டேய்"க்காக எத்தனை மணி நேரமும் குனிந்து நிற்கலாம்.

மதுரையில் ஒரு பழைய வீட்டு மாடியில் படப்பிடிப்பு. கீழே குடியிருந்த அக்கா எங்களுக்கு டீ கொண்டுவந்தார். அவருக்குத் தாடையிலிருந்து கழுத்துவரை தீக்காயத் தழும்பு. சாவி வாங்கப் போன அன்றே பார்த்திருந்தோம். அதைப் பற்றி எங்களுக்குள் ஒருவார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

டம்ளரை நீட்டியவர் நடிகனின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "எப்பப்பா பட்டுச்சு? ஸ்டவ்வா?"

"மேக்கப்புக்கா."

சிரித்துவிட்டார். கிட்ட வந்து பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கீக. ஆனா இது புதுப் புண்ணு மாதிரில்ல செவசெவன்னு இருக்கு. பழசாச்சுன்னா தோலு இழுத்துப் பிடிக்கும், பளபளன்னு ஆயிரும். இங்க பாரு." கழுத்தைத் திருப்பிக் காட்டினார். எந்த வீடியோவிலும் கிடைக்காத பாடம். அப்புறம் கேட்டார்: "படத்துல இவரு யாரு?"

கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. "ஹீரோவோட அண்ணன்க்கா" என்றான் நண்பன். நான் தலையாட்டினேன்.

என்னை இன்றும் உறுத்துவது அந்தப் பொய்தான். சினிமாதானே, வெறும் பூச்சுதானே என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் ஏன் பொய் சொன்னோம்? எங்களுக்குள் சொல்லிக்கொள்ள முடிந்த காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

தழும்பே போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. 'அன்பே சிவம்' (2003) கமலின் முகத்திலும் தழும்பு உண்டு. அது அவருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது, அவர் எப்படிப்பட்டவர் என்பதை அல்ல. 'ஐ' (2015) நேர்மாறு. நாயகனின் உருக்குலைந்த உடலுக்காக நம்மைக் கலங்கவைக்கும் அதே படம், அவன் எதிரிகளை ஒவ்வொருவராக உருக்குலைக்கும்போது கைதட்டச் சொல்கிறது. பள்ளிக்கூடப் பையனாகத் தியேட்டரில் நானும் தட்டியவன்தான்.

வில்லன்களை முகத் தழும்போடு காட்டும் படங்களுக்கு நிதி தரப்போவதில்லை என்று 2018இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அறிவித்தது. இதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தழும்புள்ளவன் நல்லவனாகவே இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு வகை அவமரியாதை. எல்லோரையும்போல அயோக்கியனாக இருக்க அவனுக்கும் உரிமை உண்டு. என் கேள்வி இதைவிடச் சின்னது. எங்கள் அடியாள் ஒன்பதாவது நிமிடம்வரை ஒரு கெட்ட காரியமும் செய்வதில்லை. வாசலில் நிற்கிறான், சிகரெட் பிடிக்கிறான், அவ்வளவுதான். அவனுடைய கெட்டதனத்தை நாங்கள் எழுதவே இல்லை. லேட்டக்ஸ் வைத்து ஒட்டிவிட்டோம்.

இதைச் சொன்னபோது நண்பன் மடக்கினான்: "அந்த அக்காவப் பார்த்து நீ பயந்தியா? இல்லல்ல? அப்புறம் படம் பார்க்கிறவன் மட்டும் ஏன்டா குழம்பப் போறான்?" நல்ல கேள்விதான். பயப்படவில்லை. ஆனால் சாவி வாங்கியபோது என் பார்வை அவர் முகத்தில் இல்லை, என் செருப்பில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது? சினிமா மட்டுமே கற்றுத்தந்தது என்று சொல்ல மாட்டேன். கற்றுத்தந்தவர்களில் சினிமாவும் உண்டு.

அன்று மதியம் அக்கா சொன்னபடியே தழும்பைத் திருத்தினேன். சிவப்பைக் குறைத்து, ஓரங்களை இழுத்து, மேலே லேசாக கிளிசரின். அச்சு அசல். கல்லூரி விழாவில் படத்தைவிடத் தழும்புக்குத்தான் பாராட்டு. எல்லாரும் எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். யூடியூப் என்றேன்.

கிளம்பும்போது அக்கா தன் நம்பரைக் கொடுத்திருந்தார்: "போட்டதும் லிங்க் அனுப்புங்கப்பா, பிள்ளைகளுக்குக் காட்டணும்." படம் இணையத்தில் ஏறி எட்டு மாதம் ஆகிறது. அவருடைய வாட்ஸாப்பில் லிங்க்கை ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.