ஒருமுறை பூக்கும் பனை: தாளிப்பனையும் முடிவு பற்றிய வினாவும்

கண்டி நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கை வளைந்து சூழும் நிலத்தில், 1821 இல் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் உருவான பேராதனைத் தாவரவியற் பூங்கா, அழகுக்காக வரிசை வரிசையாக நடப்பட்ட நெடும் பனையினங்களுக்குப் பெயர்பெற்றது. அவ்வினங்களுள் சமயச் சிந்தனையோடு மிக நெருங்கிய உறவுடையது தாளிப்பனை. குடைப்பனை என்றும் வழங்கும் இம்மரம் 25 மீற்றர் வரை உயரக்கூடியது. இதன் விசிறி இலை ஏறத்தாழ 5 மீற்றர் அகலத்துக்கு விரியும். முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை இலைகளை மட்டுமே விடும் இம்மரம், பின்னர் ஒரே ஒருமுறை உச்சியில் பூத்துக் காய்த்துப் பட்டுப்போகிறது. ஓர் உயிர் தன் முழு வாழ்நாளையும் ஒரு பூப்புக்காகச் செலவிட்டு அத்துடன் முடிந்துவிடுமானால், அது தன் பயனை அடைந்ததா, அல்லது தன் கனியாலேயே அழிந்ததா என்ற வினா எழுகிறது. கண்டியில் இவ்வினாவுக்குத் தனிக் கனம் உண்டு. பனையை உவமையாக்கி முடிவைப் பற்றிப் பேசிய பௌத்த நூல்கள், இந்நாட்டில் இந்த மரத்தின் ஓலையிலேயே எழுதப்பட்டு வந்துள்ளன.

வினாவுக்கு விடை தேடுமுன் மரத்தின் உடலமைப்பை அறிவது அவசியம். தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் உடையவற்றைப் புல் என்றும் உட்புறம் வைரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்து, ஓலை, மடல், ஈர்க்கு, பாளை முதலிய பெயர்களைப் புல்லின் உறுப்புகளுக்கே உரியனவாக்குகிறது. அதன்படி பனை எவ்வளவு உயர்ந்தாலும் புல்லே. இக்காலத் தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. இவ்விரு வகைப்பாடுகளும் வெவ்வேறு நோக்கில் செய்யப்பட்டவையாயினும், இரண்டும் சுட்டும் உண்மை ஒன்றே: பலாவைப் போலவோ வேம்பைப் போலவோ ஆண்டுதோறும் தண்டைப் பருக்கச் செய்யும் மாறிழையம் என்னும் வளர்படை பனைக்கு இல்லை. கிளையும் இல்லாத இம்மரத்தின் வளர்ச்சி முழுவதும், குருத்தின் அடியில் மறைந்திருக்கும் ஒரேயொரு நுனிப் பிரியிழையத்தை, அதாவது புதிய கலங்களைப் பிறப்பிக்கும் வளர்முனையை, நம்பியே நடைபெறுகிறது.

தென்னையும் பனையும் இலைக்கக்கங்களில் பாளை விடுவதால் அவற்றின் வளர்முனை தொடர்ந்து இலைகளைத் தந்துகொண்டே இருக்கிறது. தாளிப்பனையிலோ அந்த வளர்முனையே பூந்துணராக மாறிவிடுகிறது. 6 முதல் 8 மீற்றர் வரை எழும் அப்பூந்துணர், தாவர உலகின் கிளைத்த பூந்துணர்களுள் மிகப் பெரியது. அருகில் பார்த்தால் அதன் தனிப்பூ சில மில்லிமீற்றர் அளவே உள்ள, மங்கிய வெண்மையான, மூன்று இதழ்கள் கொண்ட சிறு பூ. ஆயினும் அத்தகைய பூக்கள் பல இலட்சக்கணக்கில் ஒன்றுசேர்வதால் தொலைவிலிருந்து மரத்தின் தலையில் வெண்ணிறத் தேர் நிற்பதுபோலத் தோன்றும். பல்லாண்டுகளாகத் தண்டுக்குள் சேர்த்துவைத்த மாப்பொருள் முழுவதும் இப்பூக்களுக்கும், பின் ஏறத்தாழ ஓராண்டில் முற்றும் உருண்டைக் காய்களுக்கும் செலவாகிறது. சேமிப்பு தீர்ந்துவிட, புதிய இலை விட வளர்முனையும் இல்லாமையால், மரம் சாய்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே இங்கே சாவு வெளியிலிருந்து வந்து சேரும் விபத்தன்று. முதற் குருத்து விட்ட நாளிலேயே அதற்குரிய வழி அவ்வுடலில் அமைந்துவிட்டது.

பௌத்த நூல்கள் தாவரத்தின் இத்தகைய முடிவை இருவேறு உவமைகளில் கையாண்டுள்ளன. முதலாவது, வாழையையும் மூங்கிலையும் நாணலையும் அவற்றின் கனியே கொல்கிறது என்பது. புகழாலும் காணிக்கையாலும் கெட்ட தேவதத்தனைப் பற்றிப் பேசுமிடத்தில் அது சொல்லப்படுகிறது. தாளிப்பனை அந்தப் பட்டியலில் பெயர் சுட்டப்படவில்லையாயினும், கண்டிப் பகுதியில் அவ்வுவமைக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. இரண்டாவது உவமை நேரே பனையைச் சார்ந்தது: வேட்கை நீங்கிய அருகதரின் ஆசைகள், தலை கொய்யப்பட்ட பனையின் அடித்தண்டு மீண்டும் தழைக்காததைப்போல, இனி ஒருபோதும் தோன்றா என்று புத்தரின் போதனைகளான சுத்தங்கள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. பாளி நூல்கள் கருதிய தாலமரம் நாம் அறிந்த சாதாரணப் பனையே. எனினும் ஒற்றை வளர்முனை என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொதுவாகையால் உவமை தாளிப்பனைக்கும் பொருந்தும்.

இந்த இரு உவமைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதே தாளிப்பனையின் முடிவு எத்தகையது என்பது தெளிவாகும். ஒருமுறை பூத்து அனைத்தையும் வழங்கிவிட்டு மடியும் இம்மரத்தைத் துறவின் வடிவமாகப் போற்றும் எண்ணம் எளிதில் தோன்றக்கூடியது. ஆனால் பௌத்த நோக்கில் அது பொருந்தாது. அங்குத்தர நிகாயத்தில் வினை வயலாகவும், உணர்வு வித்தாகவும், வேட்கை ஈரமாகவும் உவமிக்கப்படுகின்றன. கண்டி விகாரைகளில் பிரித் ஓதும்போது இடம்பெறும் இரதன சுத்தம், விடுதலை அடைந்தோரை வித்து ஒழிந்தவர்களாக வருணிக்கிறது. அவ்வாறாயின், எண்ணற்ற வித்துகளை உதிர்த்து மடியும் தாளிப்பனையின் சாவு விடுதலையாகிய நிப்பாணம் அன்று; மறுபிறவிக்கு வழிவகுக்கும் சம்சாரச் சாவே அது. விடுதலைக்கு உவமையாவது தலையற்று நிற்கும் மொட்டைத் தண்டு மட்டுமே. அழகின்பால் உள்ள ஈர்ப்பால் இவ்வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

அவ்வாறாயின் மரத்துக்கே உரிய உயிர் மதிப்பு என்ன? தேரவாத மரபு வகுக்கும் 31 பிறவி நிலைகளில் தாவரம் இடம்பெறவில்லை. ஆனால் பிக்குகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகம் இவ்விடயத்தில் மிகுந்த கவனம் காட்டுகிறது. அதன் பகுதியான மகாவக்கத்தில், பிக்குகள் சிலர் இளம் பனைகளை வெட்டி அவற்றின் ஓலையால் பாதணி செய்ய, அம்மரங்கள் வாட, ஓரறிவுயிருக்குத் துன்பம் இழைக்கிறார்கள் என்று மக்கள் குறைகூறியதால் புத்தர் அதனைத் தடைசெய்தார் என்ற செய்தி காணப்படுகிறது. மரத்தில் உயிர் உண்டென மக்கள் கருதுகிறார்கள் என்பதே அங்குத் தடைக்குக் கூறப்படும் காரணம். மரத்தின் உள்ளியல்பு பற்றிய தத்துவ முடிவு கிட்டும்வரை காத்திராமல், பிறர் உணர்வை மதித்து ஒழுக்கத்தை வகுத்த இம்முறை, இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாவுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வழிகாட்டல்களுள் ஒன்றாகும்.

புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமே உடைய ஓரறிவுயிர்கள் என்று தொல்காப்பியமும் கூறுவதால், அந்தக் குறைகூறலைத் தமிழ் வாசகர் அயலானதாகக் கருதமாட்டார். சைவ மரபு இன்னும் ஒருபடி மேலே சென்று, தாவரத்தை எழுவகைப் பிறப்புகளுள் ஒன்றாகக் கொள்கிறது; மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் கடந்த பிறவிகளை அடுக்கும்போது புல்லையே முதலில் வைக்கிறார். இந்நோக்கில், தாளிப்பனை சாயும்போது மடிவது உடல் மட்டுமே. அதில் தங்கியிருந்த உயிர் தன் வினைவழி வேறோர் உடலுக்குச் செல்கிறது. உதிர்ந்த வித்துகளோ அவ்வுயிரின் தொடர்ச்சி அல்ல, வேறு உயிர்கள் வந்து தங்குவதற்கான உடல்கள். எனவே பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிட்ட அந்தப் பூப்பு பிறர்க்குச் செய்த உபகாரமாகிறது. பௌத்தம் மறுக்கும் நிலையான ஆன்மாவைச் சைவம் ஏற்பதாலேயே இந்த வேறுபாடு பிறக்கிறது. ஆயினும் உமி நீங்கிய அரிசி முளைக்காதவாறு மலம் நீங்கிய உயிர் மீண்டும் பிறவாது என்னும் சித்தாந்த உவமை, வித்து ஒழிந்தவர் என்ற பௌத்தக் கருத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

இக்கருத்துகள் ஓலையில் ஏறிய வரலாறும் கண்டியைச் சூழ்ந்ததே. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயனின் காலத்தில், போராலும் பஞ்சத்தாலும் பிக்குகள் குறைந்து வாய்மொழி மரபு அறுந்துவிடும் அச்சம் எழுந்தபோது, மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் திரிபிடகம் எழுத்தில் பதிக்கப்பட்டதாக மரபு கூறும். ஏடு செய்வதற்கு விரிந்த இலை உதவாது. விரியாத இளங்குருத்தையே எடுத்து, ஈர்க்கை நீக்கி, சுருட்டி நீரில் அவித்து, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்த்து எடுப்பார்கள். எழுத்தாணியால் கீறியவுடன் எழுத்து கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாது. கரியையும் எண்ணெயையும் பூசித் துடைத்த பிறகே கீறல்களில் கருமை தங்கி வரிகள் வெளிப்படும். பூக்கத் தொடங்கிய மரத்திலிருந்து புதுக்குருத்து கிடைக்காது என்பதால், வித்து ஒழிதலைப் பற்றிய போதனையைத் தாங்கிய ஒவ்வோர் ஏடும், இன்னும் வித்து விடாத மரத்திலிருந்து வந்ததாகவே இருந்திருக்க வேண்டும். வளர்முனையைச் சிதைக்காமல் குருத்தெடுக்கத் தெரிந்த கைகளே மரத்தையும் நூலையும் ஒருங்கே காத்தன.

இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தம் நூலில் இம்மரத்தை விரிவாக வருணித்துள்ளார். ஒரே இலை பலரை மழையிலிருந்து காக்கும் என்றும், பூவின் கடும் மணம் பொறுக்காமல் வீட்டருகே உள்ள மரத்தை வெட்டிவிடுவார்கள் என்றும், தண்டின் சோற்றை இடித்து மாவாக்கி உண்பார்கள் என்றும் அவர் எழுதுகிறார். பூப்புக்காகச் சேர்த்த மாப்பொருளே மனிதர்க்கு உணவாகியிருக்கிறது.

இன்று ஏட்டுக்கும் குடைக்கும் தாளிப்பனையைத் தேடுவோர் அருகிவிட்டனர்; நட்டவர் பெரும்பாலும் பூவைக் காணாமலே போகக்கூடிய மரமாதலால், வீட்டுத் தோட்டத்தில் அதனை வளர்க்க எவரும் முன்வருவது அரிது. தலைமுறைகளைக் கடந்து நிலத்தைக் காக்கும் வாய்ப்பு விகாரைகளுக்கும் கோயில்களுக்குமே உண்டு. ஆகையால் கண்டி, மாத்தளைப் பகுதிகளின் விகாரைகளும் சைவக் கோயில்களும், பூக்கும் மரம் ஒன்று காய்த்து வித்து உதிர்க்கும் காலத்தில் அவ்வித்துகளைச் சேகரித்து, தத்தம் வளவில் சிலவற்றையேனும் ஊன்றி வளர்க்க முன்வர வேண்டும்.