பேரப்பிள்ளையின் முதற் கப்பல் யாத்திரை



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கோயில் வாசலில் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "சாமி, காலாண்டு விடுமுறையில் பேரனை உல்லாசக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகலாமென்று இருக்கிறோம். மகன் வீண் செலவு என்கிறான். மருமகளுக்கோ பயம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக் கூடிய விடையன்று அது. மேலும் இதே கேள்வி இப்போது வேறு சில வீடுகளிலும் எழுந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய கப்பல் ஒன்று புறப்பட்டதும், மறு ஆண்டு இலங்கைத் துறைமுகங்களுக்கும் போய்வந்ததும் பத்திரிகைகளில் வெளிவந்தது முதல், தாத்தாமாரும் பாட்டிமாரும் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். ஆகையால் அவருக்குரிய விடையை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் செலவைப் பற்றி. சந்தோஷமாயிருப்பது பாவமென்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. கடலைப் படைத்தவர் சர்வேசுரன். அதைப் பார்த்து வியக்கும் கண்ணைப் படைத்தவரும் அவரே. நேர்மையாய்ச் சம்பாதித்த பணம், கடன் வாங்காத பணம், வேலைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின் மீந்த பணம் ஆகுமானால், அதில் ஒரு பங்கைப் பேரப்பிள்ளையின் மகிழ்ச்சிக்குச் செலவிடுவதை நான் குறை கூற மாட்டேன். வட்டிக்கு வாங்கிக் கப்பலேறுவது வேறு காரியம். அண்டை வீட்டார் போனார்கள் என்பதற்காகப் போவதும் வேறு காரியம். இதற்கு மேல் அந்த மகனுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தகப்பனும் மகனும் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும்.

மருமகளின் பயம் அப்படி எளிதாய்த் தள்ளக் கூடியதன்று. அவள் பெற்ற பிள்ளையல்லவா? தாத்தாவும் பாட்டியும் கப்பலில் கூட்டிச் செல்வது பிறரால் ஒப்படைக்கப்பட்ட ஒரு பொக்கிஷம். வீட்டில் அவன் விழுந்தால் தூக்க நாலு பேர் உண்டு. கடலிலோ நீங்கள் இருவர்தாம். தாய் தகப்பன் கூட வராதபோது அவர்களுடைய சம்மதக் கடிதத்தைக் கேட்கும் கப்பல் கம்பெனிகள் பல உண்டு. சிலர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு, "என் பேரனுக்கு நான் கடிதம் காட்ட வேண்டுமா?" என்று கோபிக்கிறார்கள். கோபிக்க வேண்டாம். அந்தக் காகிதம் உண்மையைத்தான் சொல்லுகிறது: பிள்ளை உங்களுடையது அன்று, உங்களை நம்பித் தந்தது. மருமகளை உட்கார வைத்து, எந்தக் கப்பல், எத்தனை நாள், எந்தத் துறைமுகம், பிள்ளைக்கு இரவில் இருமல் வந்தால் என்ன மருந்து என்பதையெல்லாம் அவள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

நம் முன்னோருக்குக் கப்பல் என்றால் உல்லாசமாய் இருந்ததில்லை. 1926-ம் ஆண்டு கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பலின் பெயரை வயதானவர்கள் இன்றும் மறக்கவில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். 1970-களின் தொடக்கம் வரையில் அது ஓடியது. அறை எடுத்துப் போனவர்கள் சிலர். டெக்கில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிழைக்கப் போனார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. அதன்பின் சிதம்பரம் என்னும் கப்பல் சிங்கப்பூருக்கு ஓடி, 1985-ம் ஆண்டு நேர்ந்த தீ விபத்தோடு நின்றுபோயிற்று. என்னிடம் கேள்வி கேட்ட பெரியவரின் தகப்பனாரும் டெக்கில் படுத்துப் பினாங்கு போனவர்தாம். அவருடைய கொள்ளுப்பேரன் இன்று பஞ்சு மெத்தையில் படுத்துக் கடலைப் பார்க்கப் போகிறான். போகட்டும், சந்தோஷந்தான். ஆனால் அந்தப் பாயின் கதையைத் தாத்தா அல்லாமல் வேறு யார் அவனுக்குச் சொல்லப் போகிறார்கள்? முதல் நாள் இரவு, கரையின் விளக்குகள் மறைந்து நாற்புறமும் இருட்டாகும் நேரத்தில் சொல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் நூறு முறை சொன்னாலும் ஏறாத கதை அங்கே ஒரே முறையில் ஏறும்.

இனி, கப்பலில் ஏறியவுடன் நடக்கும் ஒரு காரியத்தைக் குறித்துச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும். அபாயச் சங்கு ஏழு முறை குறுகலாகவும் ஒருமுறை நீளமாகவும் ஊதும். அந்தச் சங்கு கேட்டால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்பதைப் பிரயாணிகள் அனைவருக்கும் காட்டிக் கொடுப்பார்கள். அநேகர் அதை வேண்டாத வேலையாக எண்ணி, கையில் காப்பிக் கோப்பையோடு சிரித்துப் பேசி நிற்பார்கள். 2012-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி இரவு, கோஸ்டா கான்கார்டியா என்னும் பெரிய உல்லாசக் கப்பல் இத்தாலி நாட்டு ஜிக்லியோ தீவின் ஓரத்துப் பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் 4,200 பேருக்கு மேல். இறந்தவர்கள் 32 பேர். அன்று மாலையில்தான் ஏறியிருந்த பல நூறு பேருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அக்காலத்து விதி. அதன் பிறகே விதி திருத்தப்பட்டு, 2015-ம் ஆண்டு ஜனவரி முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்தியாக வேண்டும் என்றாயிற்று. ஆகவே அந்தச் சில நிமிஷங்கள் 32 பேருடைய உயிரின் விலை பெற்றவை. தாத்தா சிரித்து நின்றால் பேரனும் சிரிப்பான். தாத்தா கருத்தாய்க் கேட்டு, சிறுவனுக்கு ஏற்ற அளவுள்ள சட்டையைக் கேட்டு வாங்கி, கூடுமிடத்துக்கு அவன் கையைப் பிடித்து ஒருமுறை நடந்து காட்டினால், அவனும் அதைக் கருத்தாய் எடுத்துக்கொள்வான். கீழ்ப்படிதலைப் பற்றி நான் பிரசங்க மேடையிலிருந்து ஒரு வருஷம் பேசினாலும் இந்த நடைக்கு ஈடாகாது.

கைப்பிடிக் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நன்றாய்த் தெரியட்டும்" என்று பிள்ளையைக் கம்பியின் மேல் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அறையின் வெளிமாடத்தில் கம்பிக்கு அருகே நாற்காலி போட்டு வைக்காதீர்கள். நீச்சற்குளம் உண்டு, ஆனால் அதைக் காக்க ஆள் இல்லாத கப்பல்களும் பல உண்டு. இன்னொன்று, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள். கப்பல்களில் பரவும் வாந்திபேதிக் கிருமிக்குக் கையில் தடவும் திரவ மருந்தைவிடச் சோப்பும் தண்ணீருமே மேல். தலைசுற்றல் வருமென்று அஞ்சுகிறவர்கள் கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாயிருக்கும். சூதாட்டக் கூடமுள்ள கப்பலானால், அந்தப் பக்கம் ஏன் போகவில்லை என்று பிள்ளை கேட்பான். ஒளிக்காமல் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

அர்ச். சின்னப்பர் உரோமைக்குப் போன கப்பலை உங்களுக்குத் தெரியும். அப்போஸ்தலர் நடபடியில் 27-ம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எல்லோரும் கூடி வாசியுங்கள். கப்பல் ஏறப் போகிறவர்கள் அவசியம் வாசியுங்கள். புயலில் பதினான்கு இரவு அலைக்கழிந்த கப்பல் அது. நங்கூரம் இறக்குவதாகப் பாசாங்கு செய்து, மாலுமிகள் சிறு படகில் ஏறித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தார்கள். அவர்கள் போய்விட்டால் மற்றவர்கள் பிழைக்க முடியாது என்று சின்னப்பர் நூற்றுவர் தலைவனுக்கு எச்சரித்தார். போர்ச்சேவகர் படகின் கயிற்றை வெட்டிவிட்டார்கள். பிறகு எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். தாமே அப்பத்தை எடுத்து, எல்லோருக்கும் முன்பாக இறைவனுக்கு நன்றி செலுத்தி உண்டார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று எழுதியிருக்கிறது. அதில் கைதிகள் உண்டு, சேவகர் உண்டு, மாலுமிகள் உண்டு. தப்பி ஓடப் பார்த்தவனும் அந்த எண்ணிக்கையில் அடங்கியவனே. ஒருவரும் விடுபடாமல் மால்டா கரை சேர்ந்தார்கள்.

உல்லாசக் கப்பலிலும் அப்படியே. பிரயாணிகள் மட்டும் கப்பலில் இல்லை. மேல்தளங்களில் விளக்கும் பாட்டும் பந்தியும் நடக்கும்போது, கடல் மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழுமாக அமைந்த சிறு அறைகளில் இன்னொரு ஊர் வாழ்கிறது. குசினியில் வேலை செய்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், எந்திர அறையில் வியர்வை சிந்துகிறவர்கள், மெத்தை விரிக்கிறவர்கள். பிலிப்பைன்ஸ் தேசத்தார் அநேகர், இந்தோனேசியர், நம் இந்தியர். ஆறு மாதம், எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம். கப்பல் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2013-ம் ஆண்டு அமுலுக்கு வந்தது. ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டுமென்று அது விதித்திருக்கிறது. அப்படி எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மற்றதை ஊகித்துக் கொள்ளலாம்.

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜப்பானில் யோகஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் என்னும் கப்பல் கொரோனா நோயின் காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் இருந்தவர்கள் 3,711 பேர். பிரயாணிகளை அவரவர் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். அறைக்கு அறை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? கப்பல் ஊழியர்களே. அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இந்தியர். தனி அறை இல்லாமல் பலர் ஒரே அறையில் படுத்தெழுந்து, நோயின் நடுவே தட்டைச் சுமந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

ஆகையால், பெரியவரே, உங்கள் பேரனுக்குக் கப்பலைக் காட்டுமுன் கப்பலைச் சுமக்கிறவர்களைக் காட்டுங்கள். பரிசாரகரின் சட்டையில் பெயர் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, வயதுக்குத் தக்கபடி அண்ணா என்றோ ஐயா என்றோ பிள்ளை மரியாதையாய் அழைக்கட்டும். எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். பேரன் பக்கத்தில் நின்று கேட்பான். பந்தியில் பத்து வகை வைத்திருக்கிறதென்று தட்டு நிறைய எடுத்துப் பாதியைக் கொட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைக்கு முதலில் ஒரு கரண்டி போதும், பிறகு வேண்டுமானால் மறுபடி எழுந்து போகலாம். ஐஸ்கிரீம் விஷயத்தில் இந்த விதி நிற்காது என்பதை நானும் அறிவேன். இறங்கும் நாளில் பேரன் கையாலேயே ஒரு நன்றிக் கடிதத்தைத் தமிழிலோ தெரிந்த ஆங்கிலத்திலோ எழுதி, மெத்தை விரித்தவருக்கு வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அன்பளிப்புப் பணத்தை நீங்கள் தனியே கொடுங்கள். கடிதம் பணத்துக்குப் பதில் ஆகாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பங்கிலேயே கப்பலுக்குப் போயிருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுடைய தாய்மார் உங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்கிறார்கள். உங்கள் பேரன் "தண்ணீர் கொண்டு வா" என்று அதட்டப் போகிறவன் இவர்களில் ஒருத்தியின் மகனாய் இருந்தால்?

கப்பல் தொழிலாளரின் ஆன்ம நன்மைக்காகவும் சரீர நன்மைக்காகவும் 1920-ம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பட்ட ஸ்டெல்லா மாரிஸ், அதாவது சமுத்திர நட்சத்திரம் என்னும் கத்தோலிக்க அமைப்பு, இன்று உலகத்தின் பல துறைமுகங்களில் அவர்களைச் சந்தித்து உதவி வருகிறது. ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறு. அன்றைய முதற் பூசையைக் கடலில் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுக்கிறேன். வீட்டில் கப்பலுக்குப் போனவர்கள் இருந்தால், அவர்கள் பெயரையும் இப்போது எந்தக் கடலில் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, முந்திய வியாழக்கிழமைக்குள் சக்கிறீஸ்தியில் உபதேசியாரிடம் கொடுங்கள். காலாண்டு விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு கப்பலேறப் போகிறவர்களும் தங்கள் பெயரைச் சேர்க்கலாம். பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளைப் பீடத்தண்டை அழைத்து வாருங்கள், ஆசீர்வதித்து அனுப்புகிறேன்.

உங்கள் பங்குச் சாமியார்