யார் பார்க்கிறார்கள்?



"உட்கார்ந்தால் மனசு ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது." இந்தக் குறையைச் சொல்லாத வீடே கிடையாது. ஜபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டி சொல்கிறார். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேரன் சொல்கிறான். காரணம் கேட்டால் உடனே கைப்பேசியைக் காட்டுகிறோம். அது கெடுக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசி இல்லாத குருட்சேத்திரத்தில் அர்ஜுனனும் இதே குறையைத்தானே சொன்னான்? கீதையின் ஆறாம் அத்தியாயத்தைப் பாருங்கள். மனத்தை அடக்குவது காற்றைப் பிடிப்பது போல இருக்கிறது என்று அவ்வளவு பெரிய வில்லாளி முறையிடுகிறான். பகவான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடினம்தான் என்று ஒப்புக்கொள்கிறார். பயிற்சியாலும் பற்றின்மையாலும் முடியும் என்று வழியும் சொல்கிறார்.

இதில் பயிற்சியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். மூச்சுப் பயிற்சி, தியான வகுப்பு, விடியற்காலை எழுவது எல்லாம் நல்லவைதான். பற்றின்மையை அப்படியே விட்டுவிட்டோம். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பற்று என்றதும் பணம், நிலம், நகை என்று நினைக்கிறோம். அவற்றைவிட நுட்பமான பற்று ஒன்று உண்டு. மற்றவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்பதன்மேல் வைத்திருக்கும் பற்று. கவனத்தைத் தின்பது பெரும்பாலும் அதுதான்.

தீபாராதனை நடக்கிறது. கண் சுவாமியின்மேல் இருக்கிறது. மனமோ, முதல் மரியாதை யாருக்குப் போகிறது, நம்மை ஏன் முன்னால் அழைக்கவில்லை என்று கணக்குப் பார்க்கிறது. கல்யாண வீட்டில் வந்தவர்களை வாங்க என்று கைகூப்புகிறோம். மறு நிமிடமே, அவர் சரியாகப் பதில் சொன்னாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டாரா என்று அலசுகிறோம். ஒருவர் தம் தாயாருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றிக் கலங்கிச் சொல்லும்போது, அவர் முடிப்பதற்குள் நம் சித்தப்பாவுக்கு நடந்த சிகிச்சையை நாக்கு நுனியில் தயாராக வைத்திருக்கிறோம். அவர் சொன்னதில் பாதி நம் காதில் விழவே இல்லை. இதில் கைப்பேசி எங்கே வந்தது?

1959-ல் இங்கிலாந்தில் நெவில் மோரே என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். காதில் மாட்டும் கருவி வழியாக ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறு பேச்சு. ஒரு பக்கம் கேட்பதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மறு பக்கத்தில் சில சொற்களை 35 முறை சொல்லியும் கேட்டவர்கள் அவற்றை அடையாளம் காணவில்லை. ஆனால் அதே பக்கத்தில் அவரவர் பெயர் வந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அது கேட்டுவிட்டது. 35 முறை தட்டியும் திறக்காத கதவு, 'நான்' வந்தவுடன் திறக்கிறது! அகங்காரத்தின் இருப்பிடத்தை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

சரி, உலகம் உண்மையில் நம்மை அவ்வளவு பார்க்கிறதா? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதையும் சோதித்தார்கள். முடிவு 2000-ல் வெளிவந்தது. அணியக் கூச்சப்படும் ஒரு சட்டையை, ஒரு பாடகரின் படம் போட்ட சட்டையை, மாணவர் ஒருவருக்குப் போட்டு, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சட்டையில் யார் படம் என்பதைப் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நாம் யாருக்காக இவ்வளவு வெந்து சாகிறோமோ, அவர்களில் பலர் நம்மைப் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு அவர்கள் சட்டையைப் பற்றிய கவலை. இது எனக்குப் பெரிய ஆறுதல். உங்களுக்கும் ஆறுதலாக இருக்க வேண்டும்.

நம் மண்ணில் கவனத்தையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் இருந்தார்கள். நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் என்றால் சும்மா இல்லை. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் முதுகில் நெல்லோ கல்லோ எறிவார், இன்னொரு பக்கம் மணி அடிக்கும். அத்தனைக்கும் கடைசியில் விடை சொல்ல வேண்டும். சபையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'இவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்ற நினைப்புக்கு ஒரு மூலையைக் கொடுத்திருந்தால் ஒரு கேள்வி நழுவியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்லாமியரான அந்தப் பாவலர், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா இல்லையா என்று பெரிய வாதம் எழுந்தபோது, அவை அருட்பாதான் என்று மேடையேறிப் பேசினார். அடுத்தவர் நெஞ்சிலிருந்து வந்ததை முழுதாக உள்வாங்கியவரால்தான் அப்படிப் பேச முடியும்.

அந்த 'நான்' என்ற நினைப்பைக் குறைக்க வழி காட்டியவர் பகவான் ரமணர். அவர் 1896-ல், பதினாறு வயதில், திருவண்ணாமலைக்கு வந்தார். பாதாள லிங்கத்தருகே பூச்சி கடிப்பதுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்ததை எல்லோரும் சொல்வோம். பிற்காலத்தில் அதே ரமணர் விடியலுக்கு முன்பே ஆசிரம அடுக்களைக்கு வந்து காய் நறுக்கியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. எண்ணம் எழுந்தால் அது யாருக்கு எழுந்தது என்று பார் என்றுதான் அவர் சொல்லிக்கொடுத்தார். எண்ணத்தோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை. அவமானம் எழுந்தால், யாருக்கு? பாராட்டுக்கு ஏங்கினால், யாருக்கு? அப்படிக் கேட்கக் கேட்க அந்த 'நான்' பேச்சுக்கு நடுவே எட்டிப் பார்ப்பது குறையும். குறைந்த இடத்தில் எதிரில் இருப்பவர் முழுதாகத் தெரிவார். சுவாமியும் தெரிவார்.

ஆகவே தியானத்துக்குத் தனி அறை கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மனைவியோ, கணவரோ, பிள்ளையோ ஏதாவது சொல்ல வருவார்கள். குறுக்கே பேசாமல், பதிலைத் தயாரிக்காமல், அவர்கள் முடிக்கும் வரை கேளுங்கள். நடுவில் 'நான்' எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டு மறுபடி அவர்கள் பேச்சுக்குத் திரும்புங்கள். நாளைக்கும் அப்படியே கேளுங்கள்.