கொடையும் இசைவும்: காணிக்காரர் மருத்துவ அறிவை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மருந்தாய்வில் ஒருவரின் உடலைப் பயன்படுத்த வேண்டுமாயின் அவருடைய இசைவைப் பெறுதல் வேண்டும் என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட நெறியாகும். 1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் நெறிமுறையும், உலக மருத்துவக் கழகம் 1964இல் வெளியிட்ட ஹெல்சிங்கி அறிக்கையும் இந்நெறிக்கு அடித்தளமிட்டன. ஆனால் ஆய்வுக்கு உடலைத் தராமல் அறிவைத் தருவோரும் உளர். இந்தச் செடி இந்த நோய்க்கு ஆகும் என்று காட்டித் தருவோர் அவர்கள். அவர்களிடம் ஆய்வாளர் பட்ட கடன் எத்தகையது? பின்னர் வரும் வருவாயில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் அக்கடன் தீர்ந்துவிடுமா? திருவனந்தபுரம் மாவட்டத்தின் வித்துரா, குற்றிச்சல், பெரிங்ஙம்மல ஆகிய ஊராட்சிகளின் மலைப்பகுதியில் வாழும் காணிக்காரரின் மருத்துவ அறிவு ஆய்வுக்கூடத்தை அடைந்த வரலாற்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகத்தியமலையில் நிகழ்ந்தது

1987ஆம் ஆண்டு டிசம்பரில், இன உயிரியல் குறித்த அனைத்திந்திய ஆய்வுத் திட்டத்தின்கீழ் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு ஒன்று அகத்தியமலைக் காடுகளில் பயணம் செய்தது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணிக்காரர். ஏற்றத்தில் அறிவியலாளர் சோர்ந்தபோதும் வழிகாட்டிகள் சோரவில்லை. அவர்கள் இடையிடையே ஒருவகைக் காயைத் தின்றுகொண்டு வந்தனர். அதனைக் குழுவினர்க்கும் தந்தனர். உண்டவர் களைப்பு நீங்கியதை உணர்ந்தனர். அது எச்செடியின் காய் என்று கேட்டபோது வழிகாட்டிகள் முதலில் சொல்லத் தயங்கினர். அது தம் குடிக்குரிய மறைபொருள் என்றனர். பலமுறை கேட்டு, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதியளித்த பின்னரே செடியைக் காட்டினர். இன்று ‘ஆரோக்கியப்பச்சை’ என வழங்கும் டிரைக்கோபஸ் சைலானிகஸ் என்பதே அச்செடி.

இதனைத் தொடர்ந்த ஆய்வுகளில் அச்செடியின் இலையிலும் சோர்வு நீக்கும் பொருள்கள் உள்ளமை அறியப்பட்டது. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் இவ்விலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுப்பகுதியில் அதனைத் தயாரிக்கும் உரிமை ஏழாண்டுக் காலத்திற்குக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைப்பங்கு. இவ்விரண்டிலும் சரிபாதி காணிக்காரர்க்கு என நிறுவனம் முடிவு செய்தது. அத்தொகையைப் பெறுவதற்காக 1997இல் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் ஏறத்தாழ 5.19 லட்சம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது.

செடி காட்டப்பட்ட 1987இல் இத்தகைய பகிர்வை வேண்டும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஐக்கிய நாடுகளின் பல்லுயிர்ப் பேருடன்படிக்கை 1992இலும், இந்தியப் பல்லுயிர்ச் சட்டம் 2002இலும் தோன்றின. சட்டம் வற்புறுத்தாத காலத்திலேயே பாதியைத் தர முன்வந்த நேர்மையைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. உலக அரங்கில் இந்நிகழ்வு முன்மாதிரியாகப் போற்றப்பட்டதும் அதனாலேயே.

பங்கு தீர்க்காத வினா

இம்முன்மாதிரிக்குள் அடங்காத செய்தி ஒன்று உண்டு. 1995இல் காணிக்காரரின் மருத்துவர்களான பிலாத்திகள் ஒன்பதின்மர், தம் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்கு மடல் எழுதினர். பேச்சுகள் பெரிதும் குற்றிச்சல் பகுதிக் காணிக்காரரோடு நடந்தன. வித்துரா, பெரிங்ஙம்மல பகுதியினரோ தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று குறைகூறினர். மேலும் அறக்கட்டளை கேரளத்திற்குரியது. காணிக்காரரோ மலையின் கிழக்குச் சரிவில் திருநெல்வேலி மாவட்டத்திலும், 1956இல் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் வாழ்கின்றனர். மாநில எல்லை வரைந்தவர்கள் ஒரு குடியின் அறிவை இரண்டாக வகுத்து வரையவில்லை.

இக்குறைகளைப் பங்கீட்டுக் குறைகளாகக் கருதி, இன்னும் பலருக்குப் பங்கு கொடுத்தால் தீரும் என்று கூறுவோர் உளர். ஆனால் பிலாத்திகளின் மடல் கூடுதல் பங்கு கேட்கவில்லை. விற்கும் அதிகாரம் எவர்க்கு உண்டு என்று அது வினவியது. ‘எவ்வளவு?’ என்பது விலை பற்றிய வினா, ‘எவரைக் கேட்டீர்கள்?’ என்பது இசைவு பற்றிய வினா. முன்னதற்குத் தரும் விடை, எத்துணைத் தாராளமாக இருப்பினும், பின்னதற்கு விடையாகாது. இசைவுக்குப் பொருள் இருக்க வேண்டுமாயின் மறுப்பதற்கும் இடம் இருத்தல் வேண்டும். மறுக்க இயலாதவரிடம் பெறும் இசைவு வெறும் ஒப்புகைச் சீட்டேயாகும்.

தென்னாப்பிரிக்க நிகழ்வு ஒன்றும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. வேட்டையின்போது பசியை அடக்கச் சான் மக்கள் மென்ற ஹூடியாச் செடியின் கூறுகளுக்கு அந்நாட்டு அறிவியல் ஆய்வு மன்றம் 1990களில் காப்புரிமை பெற்றது. சான் மக்கள் குரலெழுப்பிய பின்னரே 2003இல் பங்கீட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. காணிக்காரர்க்கு ஆய்வு நிறுவனம் தானே முன்வந்து தந்தது. சான் மக்கள் கேட்டுப் பெற்றனர். எனினும் இரண்டிடத்தும் அறிவு முதலில் வெளிச்சென்றது. சமுதாயம் பின்னர் உருவாக்கப்பட்ட அமைப்பொன்றின் வழியாகப் பேச அழைக்கப்பட்டது என்பதே ஒற்றுமை.

நெல்லிக்கனியும் ஆரோக்கியப்பச்சையும்

தமிழ் மரபில் வாழ்நாள் நீட்டிக்கும் கனியைக் கொடுத்த நிகழ்வு ஒன்று உண்டு. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாடல் போற்றுகிறது. அக்கொடையின் சிறப்பு, அரிய கனியைக் கொடுத்ததில் மட்டும் இல்லை. கனியின் பயனை அதியமான் முழுதும் அறிந்திருந்தான். அறிந்தே, அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டு கொடுத்தான். கொடுப்பவன் கொடுக்கும் பொருளின் முழுப் பெறுமானத்தையும் அறிந்திருந்தமையால் அது முழுமையான கொடையாயிற்று.

அகத்தியமலை நிகழ்வில் இவ்வுறவு தலைகீழாக உள்ளது. காயைக் கொடுத்தவர் அதன் பயனை அறிவர். ஆனால் அவ்வறிவு உரிமமாகவும் வணிகப் பெயராகவும் மாறும் உலகினை அறியார். பெற்றவரோ அவ்வுலகினைச் சேர்ந்தவர். களைத்த வழிப்போக்கர்க்குக் காய் கொடுத்தது விருந்தோம்பல், அது கொடையே. செடியைக் காட்டியது வேறொரு செயல். முதற்செயலின் அன்பைக் காட்டி இரண்டாம் செயலுக்கும் இசைவு கிடைத்துவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது. இடையில் நிகழ்ந்த தயக்கமே இதற்குச் சான்று. அத்தயக்கத்தை, கடந்து செல்ல வேண்டிய தடையாகக் கருதுவதா, செவிமடுக்க வேண்டிய சொல்லாகக் கருதுவதா என்பதில்தான் ஆய்வறம் தொடங்குகிறது.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இக்கருத்துக்கு வலிய மறுப்பொன்று உண்டு. அறிவு பகிர்ந்தால் குறைவதன்று. நோயாளியின் துயரோ உண்மையானது. சீனத்தில் 1967இல் தொடங்கிய மலேரியா ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய தூ யூயூ, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவ நூற்குறிப்பு ஒன்றிலிருந்து தூண்டுதல் பெற்றே ஆர்ட்டிமிசினின் மருந்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவ்வறிவு நூலில் இல்லாமல் ஒரு சிறுகுடியின் மறைபொருளாக இருந்து, அவர்கள் மறுத்திருந்தால், குழந்தைகள் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அறமாகுமா?

இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. உயிர்காக்கும் அறிவை உடையவர்க்கு அதனைப் பகிரும் கடமை உண்டு என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் அக்கடமை கொடுப்பவரின் அறத்தைச் சேர்ந்தது. அது கொள்பவரின் உரிமையாக மாறிவிடுவதில்லை. ஈகை கடமை என்பதனால் இரவலன் களஞ்சியத்தின் பூட்டை உடைக்கலாம் என்று எந்த அறநூலும் கூறாது. இனி, ஆய்வு தொடங்கும்போது உயிர்காக்கும் பயன் பெரும்பாலும் நிறுவப்பட்டிராது. ஜீவனியும் சோர்வு நீக்கி ஊக்கம் தரும் மருந்தே. எல்லா ஆய்வுக்கும் சாகும் குழந்தையைச் சான்று காட்டுதல் மிகைக்கூற்றாகும். இவற்றினும் முதன்மையான ஒன்று, பிலாத்திகள் எதிர்த்தது குணப்படுத்துதலை அன்று, விற்பனையையே என்பது. நோயாளிக்கு மறுத்தலும் வணிகனுக்கு மறுத்தலும் ஒன்றல்ல. கேட்டிருந்தால் இவ்வேறுபாடு வெளிப்பட்டிருக்கும்.

ஒரு சமுதாயத்தில் அனைவரும் ஒருமித்து இசைவது இயலாது. எனவே இந்நெறி ஆய்வையே முடக்கும் என்பது மற்றொரு மறுப்பு. மறுக்கும் உரிமைக்கு ஒருமித்த முடிவு இன்றியமையாததன்று. அறிவு வெளிச்செல்லும் முன்னரே மறுப்போர் குரல் கேட்கப்படுதலும், பதிவு செய்யப்படுதலும், அதனால் ஆய்வின் போக்கில் சிறிதேனும் மாற்றம் நிகழ்தலுமே அதற்கு வேண்டுவன.

திரும்பப் பெற இயலாத இசைவு

உடல்வழி ஆய்வில் பங்கேற்பவர் எப்போது வேண்டுமாயினும் விலகலாம் என்று ஹெல்சிங்கி அறிக்கை கூறுகிறது. அறிவைத் தந்தவர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. சொன்ன சொல்லை மீட்க இயலாது. இன்று செடியும்கூடத் தேவையில்லை என்னும் நிலை உருவாகி வருகிறது. ஒரு செடியின் மரபணுத் தொகுதியைப் படித்து எண்முறைக் கோப்பாக்கிவிட்டால் அதனை உலகின் எம்மூலையிலிருந்தும் ஆராயலாம். 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு, இத்தகைய தரவுகளால் பயன்பெறும் நிறுவனங்கள் பங்களிக்கும் நிதியம் ஒன்றை அமைக்க முடிவு செய்து, அதில் குறைந்தது பாதி பழங்குடிகளையும் உள்ளூர்ச் சமுதாயங்களையும் சேர வேண்டும் என்றதும் இதனாலேயே. ஆனால் நிதியமும் பங்கையே பேசுகிறது. உடலைத் தருபவர்க்குப் பின்னர் விலகும் வாயில் உண்டு. அறிவைத் தருபவர்க்கு உள்ளது முன்னர் மறுக்கும் வாயில் ஒன்றே. ஆதலின் அவரிடம் கேட்பதில் கூடுதல் பொறுமையும் கூடுதல் தெளிவும் வேண்டும்.

ஏட்டறிவும் வாய்மொழி அறிவும்

பொதிகை எனத் தமிழ் மரபு போற்றும் இம்மலை அகத்தியரின் மலை. அவர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூல்கள் பல. அந்நூல்களும் மறைபொருட் சொற்களால் தம் அறிவைக் காத்துக்கொண்டன. தகுதியுடையார்க்கன்றிச் சொல்லற்க என்பது அம்மரபின் நெறி. காணி வழிகாட்டிகளின் தயக்கம் இந்நெறியோடு ஒத்ததே. ஏட்டில் எழுதியவர் காத்தால் அதனைக் குருமரபு என்கிறோம். எழுதாதவர் காத்தால் அறியாமை என்றும் அச்சம் என்றும் எண்ணிவிடுகிறோம்.

சட்டமும் இவ்விரண்டையும் வேறாகவே நோக்குகிறது. 2023ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்களித்தது. வாய்மொழி அறிவு இவ்விலக்கினுள் வரவில்லை. எனினும் ஒப்புதல் வழங்கும் அதிகாரம் சென்னையில் அமைந்துள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் உள்ளது. உள்ளூர்க் குழுக்கள் கலந்துகொள்ளப்படும் நிலையிலேயே உள்ளன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபறிவின்மீது சமுதாய உரிமையை ஏற்கிறது. ஆனால் ஏற்கப்பட்ட உரிமை, கேட்கப்படும் வினாவாக மாறும்போதுதான் பயன்தரும்.

முடிவுரை

வித்துராவில் இன்று இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. ஆய்வுக்கூடமும் காணிக்குடியிருப்பும் ஒரே ஊராட்சியின் எல்லைக்குள் வந்துவிட்டன. இத்தகைய சூழலில் இவ்வினா அறிவியலாளர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்த்துறை ஆய்வாளர்க்கும் உரியது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வில் நாட்டுப்புற மருத்துவம் விருப்பமான தலைப்பு. களத்தில் கேட்ட மருந்தின் செடி, உறுப்பு, அளவு ஆகியவற்றை அட்டவணையிட்டு ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்ப்பது வழக்கம். அச்சேறியபின் அது எல்லோர்க்கும் பொது. ஓர் ஆய்வுப் பட்டத்தின் பொருட்டு, ஒரு குடி தன் முடிவைக் கூறுமுன்பே, அதன் மறைபொருள் பொதுப்பொருளாகிவிடுகிறது. பங்கு பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஆதலின் களஆய்வில் பின்வருவன கடைப்பிடிக்கத்தக்கன. தகவலாளி ஒருவரின் இசைவோடு நில்லாது, குடியின் தலைவரான மூட்டுக்காணியும் பிலாத்திகளும் அடங்கிய கூட்டத்தில் ஆய்வின் நோக்கத்தையும், அச்சேறுவதன் விளைவையும் அவர்தம் மொழியில் விளக்குதல் வேண்டும். வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கூறுவனவற்றை விடுத்தல் வேண்டும். விடுத்தமையை ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். முடிந்த ஆய்வேட்டின் படி ஒன்று குடியிருப்பிலும் இருத்தல் வேண்டும். இவற்றால் சில பின்னிணைப்புகள் சுருங்கும். ஆனால் சொல்லப்பட்டதைப் பதிவு செய்வது போலவே, சொல்ல மறுத்ததை மதிப்பதும் ஆய்வின் பகுதியே. பங்கு கொடுப்பது நன்றி. கேட்டு, விடைக்குக் காத்திருப்பது அதற்கும் முந்திய அறம்.